கையெழுத்து இருக்கிறது, நேரம் எங்கே?

அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பகுதிநேர பிஎச்.டி.யில் சேர விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகம் அவரிடம் கேட்கும் காகிதங்களில் ஒன்று, தடையின்மைச் சான்று. ஆசிரியர்கள் வாயில் அது ‘என்.ஓ.சி.’ தலைமையாசிரியரின் பரிந்துரையோடு கல்வி அலுவலகம் போய், மேசை மேசையாக நகர்ந்து, கையெழுத்தும் முத்திரையுமாகத் திரும்பி வரும் ஒற்றைத் தாள். வாங்கியவர் நிம்மதியோடு கோப்பில் வைத்துக்கொள்கிறார். கொடுத்தவர் அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறார். அந்தத் தாள் என்ன சொல்ல வேண்டும் என்பதை, பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறைகள் தெளிவாக வகுத்திருக்கின்றன. இவர் பகுதிநேரமாகப் படிக்க அனுமதிக்கப்படுகிறார் என்பது முதல் வாக்கியம். ஆராய்ச்சிக்குப் போதுமான நேரம் ஒதுக்க இவருடைய அலுவல் பணி இடம் தருகிறது என்பது இரண்டாவது. தேவைப்பட்டால், ஆய்வுக்கு முந்தைய பாடப்பயிற்சியை முடிக்க இவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்பது மூன்றாவது.

இதில் முதல் வாக்கியம்தான் அனுமதி. அடுத்த இரண்டும் வாக்குறுதி. நாம் முதல் வாக்கியத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம். ‘படித்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்பதே சான்றின் பொருள் என்று துறையும் எடுத்துக்கொள்கிறது, ஆசிரியரும் எடுத்துக்கொள்கிறார். நேரம் இருக்கிறது என்று எழுத்தில் உறுதி சொன்னவர் வேலை கொடுத்தவர். அந்த நேரத்தை உண்டாக்கித் தரும் பொறுப்பும் அவருடையதே. ஆனால், முழுநேரமும் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்யும் ஆசிரியரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அவருடைய விடாமுயற்சியையும் அதிகாலையில் எழும் பழக்கத்தையும்தான் நாம் புகழ்கிறோம். ஒரு தனிமனிதரின் சாமர்த்தியத்தால் சரிக்கட்டிவிடக்கூடிய சுமையாக இதை நான் பார்க்கவில்லை. சான்றின் இரண்டாம், மூன்றாம் வாக்கியங்களைத் துறை நிறைவேற்ற வேண்டும். பதிலுக்கு, அந்த ஆய்வின் பலன் வகுப்பறைக்குத் திரும்பி வர வேண்டும் என்று துறை உரிமையோடு கேட்க வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாத வரை பாடமும் கெடும், ஆய்வும் கெடும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியரின் வார வேலை நேரம், பாடத் தயாரிப்பையும் சேர்த்துக் குறைந்தது 45 மணி என்கிறது. நாளுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 49 போகும். பேருந்தில் போக வர இரண்டு மணி என்று வைத்தால் ஐந்து நாளுக்குப் பத்து. குளியல், சாப்பாடு என்று நாளுக்கு இரண்டு மணி கழித்தால் பதினான்கு. கையில் மிஞ்சுவது 50 மணி நேரம். இதுவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்கு, இங்கிருந்துதான் பிரிகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, தம் வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்களை. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனிப்பதில் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76. இரண்டையும் கூட்டி ஏழால் பெருக்கினால், பெண்ணுக்கு வாரத்துக்கு ஐம்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். மிச்சமிருந்த 50 மணியும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஆணுக்கு இருபது மணி போக முப்பது மிஞ்சுகிறது.

இந்தச் சராசரியில் சம்பள வேலைக்குப் போகாத பெண்களும் அடக்கம். பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு இது குறைவாக இருக்கும் என்று வாதிடலாம். சரி, பாதியாகவே குறைத்துக்கொள்வோம். 25 மணி நேரம் மிஞ்சும். அதிலிருந்துதான் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் துக்க வீட்டுக்கும் நேரம் எடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் வரும் ‘நாளை காலைக்குள் எமிஸில் ஏற்றவும்’ என்ற செய்திக்கும் (எமிஸ் என்பது துறையின் இணையத் தரவுத் தளம்) அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்கிற அதே கல்வி உரிமைச் சட்டம், 27ஆவது பிரிவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு அளித்திருக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலராக நியமிக்கப்பட்ட ஆசிரியர், பள்ளி விட்டதும் தெருத் தெருவாகப் படிவம் கொடுத்து வாங்கப் போகிறார். ஆய்வுக்கு என்று ஒதுக்கிய மாலை அதோடு முடிந்தது. ஆய்வு என்பது பத்துப் பத்து நிமிடமாகத் துண்டு போட்டுச் செய்கிற வேலையும் இல்லை. படித்ததை மனத்தில் ஊறவைத்து, பழைய குறிப்போடு ஒப்பிட்டு, எழுதி, அடித்து, திரும்ப எழுத மூன்று நான்கு மணி நேரம் இடையூறில்லாமல் சேர்ந்தாற்போல் கிடைக்க வேண்டும்.

இந்த நெருக்கடியை மானியக் குழு அறியாமல் இல்லை. பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு என்று வைத்துவிட்டு, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு தருகிறது. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கென 240 நாள் வரை விடுப்பும் உண்டு. நல்ல மனத்தோடு செய்த சலுகைகள்தான். ஆனால், வாரத்தில் இல்லாத நேரத்தை ஆண்டுகளைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. பத்து ஆண்டு வரை நீளும் ஆய்வில், தொடக்கத்தில் திரட்டிய தரவு பழசாகிவிடும், பாடத்திட்டமே மாறிவிடும், நெறியாளர் ஓய்வு பெற்றுவிடுவார். கெடு நீளும்போது சுமையும் கூடவே நீள்கிறது. மூன்றாம் வாக்கியத்தின் கதி இன்னும் மோசம். 12 முதல் 16 கிரெடிட் வரையிலான பாடப்பயிற்சி எல்லாப் பிஎச்.டி. மாணவருக்கும் கட்டாயம். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நேரில் நின்று முன்னேற்றத்தை விளக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் பள்ளி நாள்களில்தான் இயங்குகின்றன. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பை வைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த நாளை எடுப்பது, குழு கூடினால் எந்த நாளை எடுப்பது என்று கணக்குப் பார்க்கும் ஆசிரியருக்கு, ‘பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்’ என்ற சொற்கள் எந்த வகையிலும் உதவவில்லை.

இதனால் பாதிக்கப்படுவது ஆசிரியரின் உடல்நலமும் குடும்பமும் மட்டும் என்றால், அது அவருடைய சொந்த விருப்பம் என்று சிலர் ஒதுக்கிவிடக்கூடும். ஆய்வின் தன்மையையே இந்த நேரப் பஞ்சம் தீர்மானிக்கிறது என்பதுதான் என் பெரிய கவலை. கல்வியியல் ஆய்வேடுகளின் தலைப்புகளைப் புரட்டினால் ஒரே அச்சில் வார்த்தவை வரிசையாக வரும். ஏதோ ஒரு மாவட்டத்து மேல்நிலை மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவுக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு. ஆசிரியர்களின் பணி நிறைவுக்கும் பணி அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு. சில நூறு பேரிடம் ஐந்து புள்ளி அளவுகோலில் வினாப்படிவம், பிறகு டி-சோதனை, பிறகு ஒட்டுறவுக் கெழு. இந்த முறையில் நல்ல ஆய்வே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது இவ்வளவு பரவியதற்குக் காரணம், நேரமில்லாதவரால் செய்து முடிக்கக்கூடிய முறை இது என்பதே. இரண்டு வாரத்தில் படிவங்களைத் திரட்டிவிடலாம். மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். தன் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஆண்டு முழுக்க அருகிலிருந்து பார்க்கும் ஒருவர், அவர்களை விட்டுவிட்டு, முன்பின் பார்த்திராத பிள்ளைகளிடம் வினாப்படிவம் நீட்டுவதற்காக வேறு ஊர்ப் பள்ளிக்கு விடுப்பெடுத்துப் போகிறார். அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை அவருடைய ஆய்வேடு கேட்காமலே முடிந்துபோகிறது.

அப்படி அவருக்கு என்ன தெரியும்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். 52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதியிருக்கும். 63இலிருந்து 28ஐக் கழித்தால் அதே பிள்ளைக்கு 45; 81இலிருந்து 36ஐக் கழித்தால் 55. சிவப்பு மையில் மூன்று பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். சற்று நின்று பார்த்தால், மூன்று விடையிலும் ஒரே விதி ஓடுவது தெரியும்: ஒவ்வொரு இடத்திலும் எந்த இலக்கம் மேலே, எந்த இலக்கம் கீழே என்று பாராமல், பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறது அந்தப் பிள்ளை. ‘கடன் வாங்கு’ என்று நாம் சொல்லிக்கொடுத்த சொல் அதற்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதை வைத்துத் தானே ஒரு விதி செய்துகொண்டது. அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இருவர் 1978இல் இந்தக் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து, குழந்தைகளின் தவறுகளில் பெரும்பகுதி கவனக்குறைவால் வருவதில்லை, தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகிறது என்று காட்டினார்கள். கல்வி ஆராய்ச்சியில் இன்றும் பேசப்படும் வேலை அது. அதற்கான மூலப்பொருள் நம் தொடக்கப்பள்ளி அலமாரிகளில் கட்டுக்கட்டாகக் கிடந்து, ஆண்டு முடிவில் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

திருப்பூரை எடுத்துக்கொள்ளலாம். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பாடப்புத்தகத்தில் ஒரு மொழி என்றிருக்கும் ஏழு வயதுப் பிள்ளை தமிழ் எழுத்தை எந்த வரிசையில் பிடித்துக்கொள்கிறது? ல, ள, ழ மூன்றில் எது முதலில் கைவசமாகிறது? பக்கத்தில் உட்காரும் தமிழ்ப் பிள்ளையிடமிருந்து எவ்வளவு வருகிறது, ஆசிரியரிடமிருந்து எவ்வளவு வருகிறது? இதற்கு விடை காண ஒரு நாள் வந்து போகிறவரால் முடியாது. ஆண்டு முழுவதும் அந்த அறையில் நிற்பவரால் முடியும். அவருடைய முனைவர் பட்டம் இந்தக் கேள்வியில் பிறந்தால், பாடம் நடத்துவதும் ஆய்வு செய்வதும் ஒன்றையொன்று தின்னும் இரண்டு வேலைகளாக இருக்காது. காலையில் திருத்தும் நோட்டு மாலையில் தரவாகும். இரவில் படித்தது மறுநாள் கரும்பலகைக்கு வரும். நேரப் பஞ்சம் அப்போதும் முழுக்கத் தீராது. எழுதுவதற்கும் யோசிப்பதற்கும் தனி நாள் வேண்டும். ஆனாலும் சுமையின் பெரும் பகுதி அங்கே குறைந்துவிடும்.

இந்த எண்ணம் புதிதில்லை. இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் எழுதிய பாடத்திட்டம் பற்றிய நூலில், ஆசிரியரே ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். குஜராத்தின் பாவ்நகரில் வக்கீல் தொழிலை விட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த கிஜுபாய் பதேகா, நான்காம் வகுப்பில் ஓர் ஆசிரியர் நடத்தும் பரிசோதனையைக் கதையாக எழுதினார். ‘பகல் கனவு’ என்று தமிழிலும் அது ஆசிரியர்களிடையே வாசிக்கப்படுகிறது. நம் பி.எட். பாடத்திலேயே ‘செயலாராய்ச்சி’ இருக்கிறது. ஆனால் பட்டத்துக்கான ஆய்வு என்று வந்ததும் அதை ஏதோ சின்ன வேலை போல ஓரங்கட்டிவிடுகிறோம்.

ஓரங்கட்டுவதற்குச் சொல்லப்படும் காரணம், தன் வகுப்பைத் தானே ஆராய்ந்தால் நடுநிலை இருக்காது என்பது. இந்த ஆட்சேபத்தில் உண்மை உண்டு. தன் உழைப்பு பலித்தது என்று காட்ட யாருக்கும் ஆசை வரும். ஆனால், குழந்தையின் அறிவு வளர்ச்சி பற்றி இருபதாம் நூற்றாண்டு பேசியதன் அடித்தளத்தில் ஒரு பகுதி, ழான் பியாஜே தன் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் தொட்டிலிலிருந்தே கவனித்து எழுதிய குறிப்புகள். நெருக்கம் அவருடைய கண்ணை மறைக்கவில்லை, கூர்மையாக்கியது. அவர் தவறிய இடங்களைப் பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள். சக ஆசிரியர் ஒருவரை வகுப்பில் உட்காரவைத்துத் தனியே குறிப்பெடுக்கச் சொல்வது, தோற்ற முயற்சிகளையும் ஆய்வேட்டில் பதிவது, மூல நோட்டுகளை நெறியாளர் பார்வைக்கு வைப்பது என்று சாய்வைக் கட்டுப்படுத்த வழிகள் உண்டு. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் அதிகம் எழுப்புவதில்லை. வகுப்பாசிரியர் கேட்டால் பிள்ளை ‘மாட்டேன்’ என்று சொல்லாது. அதன் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. எனவே பெற்றோரிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்க வேண்டும். ஆய்வுக்கென்று தனித் தேர்வு வைக்காமல் வழக்கமான வகுப்பு வேலையை மட்டும் பயன்படுத்த வேண்டும். பெயரும் அடையாளமும் வெளியே வரக் கூடாது. இந்த நான்கும் இல்லாத வகுப்பறை ஆய்வை நான் ஆதரிக்க மாட்டேன்.

அடுத்த கேள்வி பெற்றோருடையது: ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் நூலகத்துக்குப் போனால் என் பிள்ளைக்கு யார் பாடம் நடத்துவது? நியாயமான கேள்வி. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இல்லாத நாள் எப்படி இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். நாடு முழுவதும் ஒரே ஆசிரியரோடு நடக்கும் பள்ளிகள் மட்டும் லட்சத்துக்கும் மேல் என்று 2024-25ஆம் ஆண்டின் ‘யுடைஸ்’ பள்ளிக் கணக்கெடுப்பு சொல்கிறது. இதற்கான விடையும் நம்மிடமே இருக்கிறது. பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் சம்பளத்தோடு மேற்படிப்புக்குப் போக வழிசெய்யும் தர மேம்பாட்டுத் திட்டம் 1970இலேயே தொடங்கியது. கலை அறிவியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு மானியக் குழு நடத்திய மேம்பாட்டுத் திட்டத்தில், படிக்கப் போனவரின் வகுப்பை எடுக்கும் மாற்று ஆசிரியருக்கான சம்பளமும் சேர்ந்தே கிடைத்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மிகவும் பழக்கமான உதாரணம் அரசு மருத்துவர்கள். மருத்துவ மேற்படிப்பின் மாநில இடங்களில் பாதியைப் பணியிலிருக்கும் அரசு மருத்துவர்களுக்குத் தருவதற்காக இந்த மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போராடியது. அப்படி இட ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. படித்து முடித்தபின் அரசுப் பணியிலேயே தொடர்வதாக அந்த மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். கிராமத்து மருத்துவமனைக்கு நிபுணர் கிடைத்த வழி இதுதான். அவர் படிக்கப் போன காலத்தில் நோயாளியை யார் பார்ப்பது என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. படிக்கவே வேண்டாம் என்று அரசு முடிவெடுக்கவில்லை, ஏற்பாடு செய்தது. ஆசிரியர்கள் விஷயத்திலும், துறை தன் பயிற்சிகளுக்கு வட்டார வள மையத்துக்கு அழைக்கும்போது மாற்றுப்பணி ஏற்பாடு நடக்கத்தான் செய்கிறது.

பட்டம் வாங்கினால் சம்பளம் கூடும், கல்லூரிக்குப் போய்விடலாம் என்றுதானே படிக்கிறார்கள் என்பார்கள். உயர்கல்வித் தகுதிக்கான முன் ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் ரத்து செய்தது. மாதா மாதம் கிடைத்த அந்தப் பலன் போன பிறகும் ஆசிரியர்கள் பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வெளியேறுபவர்களைப் பொறுத்தவரை, முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் பள்ளிக்குள்ளேயே அந்த அறிவைப் பயன்படுத்தும் இடம் எது என்று திருப்பிக் கேட்க வேண்டும். கழித்தலைப் பற்றி ஆறு ஆண்டு ஆராய்ந்தவர் பட்டம் வாங்கிய மறுநாள் அதே வகுப்பில், அதே கையேட்டோடு நிற்கிறார். பக்கத்துப் பள்ளிக்குக்கூட அவர் கண்டறிந்தது தெரிவதில்லை. ஆய்வேடு ஷோத்கங்கா தளத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கிறது.

எனவே துறை செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆய்வுத் தலைப்பைப் பார்த்துச் சிலரைத் தேர்ந்தெடுக்கட்டும். பாடப்பயிற்சி நடக்கும் பருவத்தில் அவர்களை முழுமையாக விடுவிக்கட்டும். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு வாரத்தில் ஒரு முழு நாள் தரட்டும். அந்த நாளில் வகுப்பெடுக்க, அருகருகே உள்ள ஐந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு மாற்று ஆசிரியரை நியமித்தால் போதும், வாரத்தின் ஐந்து நாளும் அவருக்கு வேலை இருக்கும். வாக்குச்சாவடிப் பணியிலிருந்து அந்தக் காலத்துக்கு விலக்குப் பெற்றுத் தரட்டும். பதிலுக்கு ஆசிரியரிடம், ஆய்வுக் கேள்வி தன் பள்ளியிலிருந்தோ வட்டாரத்திலிருந்தோ எழ வேண்டும் என்றும், முடித்தபின் குறைந்தது ஐந்து ஆண்டு அரசுப் பள்ளியிலேயே பணியாற்ற வேண்டும் என்றும், கண்டறிந்ததை இருபது பக்கத் தமிழில் எழுதிக் குறுவள மையக் கூட்டத்தில் சக ஆசிரியர்கள் முன் வைக்க வேண்டும் என்றும் எழுதி வாங்கட்டும். பல்கலைக்கழகங்களும் ஆலோசனைக் குழுக் கூட்டங்களைச் சனிக்கிழமைக்கு மாற்றலாம். வகுப்பறை ஆய்வைச் சிறு வேலை என்று திருப்பி அனுப்பும் வழக்கத்தைக் கைவிடலாம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு பள்ளியிலும் கால அட்டவணை போடுவார்கள். பகுதிநேர ஆய்வில் பதிவு செய்திருக்கும் ஆசிரியர்கள், கோப்பில் இருக்கும் தடையின்மைச் சான்றை எடுத்து இரண்டாம், மூன்றாம் வாக்கியங்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். பாடப்பயிற்சிக்காக விடுவிக்கக் கோரும் மனுவை அந்தச் சான்றின் நகலோடு சேர்த்து எழுத்தில் கொடுங்கள். அதைப் பெறும் அலுவலர்கள், அடியில் இருப்பது தம் அலுவலகத்தின் கையெழுத்து என்பதை மனத்தில் வைத்து உத்தரவிட வேண்டும்.